பருப்பு மத்தும் மாமியாரின் தாடையும்

என் மாமியாரின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னால், கேட்கிற ஆண்களுக்கெல்லாம் முதலில் முகம் மலர்ந்துவிடுகிறது. மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்த ஒருவர், "எந்த ஆஸ்பத்திரிண்ணே?" என்று அக்கறையாக விசாரித்தார். படியிறங்கிப் போனவர் திரும்பி வந்து இன்னொரு முறையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். ஒரு அரை நாள்.

அத்தை அடிபம்புப் பக்கம் பாசியில் வழுக்கி, துணி துவைக்கிற கல்லில் முகவாய் மோத விழுந்துவிட்டார். பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். ஆறு வாரம் வாய் திறக்கக் கூடாது. கிளம்பும்போது டாக்டரம்மா அத்தையை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஏற்கெனவே ஒல்லியா இருக்காங்க. வர்ற சனிக்கிழமை செக்கப்புக்கு வரும்போது எடை இதுக்குக் கீழ இறங்கியிருக்கக் கூடாது. கஞ்சி, பால், ஃப்ரெஷ் ஜூஸ், எல்லாம் நல்லா வடிகட்டிக் குடுங்க. ஒரு திப்பிகூட கம்பியில மாட்டக் கூடாது. எடை இறங்கிச்சின்னா அட்மிட் பண்ணி மூக்கு வழியா டியூப் போட்டுடுவேன்."

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் மூக்கில் டியூபோடு படுத்திருந்தார். அத்தை அவரை ஒரு முறை பார்த்தார். பிறகு என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆயுசில் பெரும்பகுதி உப்பளத்தில் கூடை தூக்கிய கை அது. பிடித்த இடம் சாயங்காலம் வரை சிவந்து கிடந்தது. எதற்கும் அசையாத மனுஷி என்று நான் நினைத்திருந்தவர் பயந்து பார்த்தது அன்றைக்குத்தான். அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. டியூப் போடும்போது பக்கத்தில் நின்று தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியவன் நான். ஊசியைக் கண்டாலே சாய்ந்துகொள்ளச் சுவரைத் தேடுகிறவன்.

டாக்டரம்மா இன்னொன்றையும் கையில் கொடுத்தார். ஒரு சின்ன வயர் கட்டர். வாந்தி வந்தோ புரை ஏறியோ மூச்சு முட்டினால் எங்கெங்கே கம்பியை வெட்ட வேண்டும் என்று காட்டினார். அதை நூலில் கோத்து, மாதா படம் தொங்கும் உத்தரியம் மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டேன். குளிக்கும்போதும் கழற்றவில்லை. வீட்டுக்கு வந்ததும், அவசரத்துக்கு இது வெட்டுமா என்று ஒரு சந்தேகம் வந்தது. துணி காயப்போடும் கொடிக்கம்பியில் ஒத்திகை பார்த்தேன். அருமையாக வெட்டியது. வீட்டுத் துணி மொத்தமும் மண்ணில் கிடக்க, ஜன்னல் வழியாக அத்தை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குத் தாடை தேவைப்படவில்லை.

அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. எழவு வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிடுவான் என்று எனக்கு ஊரில் ஒரு கெட்ட பெயர் உண்டு. என் சரக்கு விலைபோகாத ஒரே இடம் அத்தை. கல்யாணத்தன்று மாதா கோயில் வாசலில் நான் அடித்த ஜோக்குக்குப் பங்குச் சாமியாரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தை, லாரியின் நம்பர் பிளேட்டைப் படிப்பதுபோல என்னைப் பார்த்தார். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாமனார் காலமான பிறகு எங்களோடு வந்து தங்கிய இந்தச் சில வருஷங்களிலும் அதே நம்பர் பிளேட்டுதான்.

என் மனைவிக்கு ஆரோவில்லில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் சமையலறையில் வேலை. இருந்த லீவையெல்லாம் ஆஸ்பத்திரிக்கே போட்டுத் தீர்த்துவிட்டாள். காலையில் கஞ்சியை வடித்து அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினால், இருட்டும் நேரத்தில்தான் திரும்புவாள். பையன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறான். ஆக, பகல் முழுக்க அத்தைக்கு ஜூஸ் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது.

"ஒரு ஜூஸர் வாங்கிடலாமா?" என்றேன்.

"ஆறு வாரத்துக்கு ஒரு மெஷினா? உங்களுக்கு இன்னா, கை இல்லையா? மிக்சி இருக்குது, துணி இருக்குது. போதும்."

"கடையில வாங்கிட்டு வந்துட்டா?"

"கடை ஜூஸ்ல பாதி ஐஸு, பாதி சக்கரை. அந்த ஐஸ் எந்தத் தண்ணியில போட்டதோ. எங்கம்மா வாயில அது பட்டுச்சின்னா, உங்க வாய்க்கும் கம்பி கட்டச் சொல்லிடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் என் முதல் ஜூஸைத் தயாரித்தேன். என் கடைக்குப் பக்கத்தில் தள்ளுவண்டி போடும் கூனிமேட்டு பாயிடம் சாத்துக்குடி வாங்கி, உரித்து, சுளையை அப்படியே மிக்சியில் போட்டு, விமானம் கிளம்புகிற சத்தம் வரும்வரை ஓட்டினேன். கொட்டையும் சேர்ந்து அரைபட்டால் சாறு கசக்கும் என்பது எனக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய தவறை என் கை தானாகவே செய்தது.

எங்கள் பக்கம் குடிக்கிற எதிலும் உப்பு விழும். மோரில் விழும், எலுமிச்சையில் விழும், தர்பூசணியில் விழும். அளத்து வெயிலில் வேர்த்துக் கொட்டுகிறவர்களின் பழக்கம் அது. அளத்தையே மிதிக்காத என்னைப் போன்றவனுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வெளியூர்க்காரர்கள் சிட்டிகை என்று எதைச் சொல்கிறார்களோ, அதைப்போல் நாலு மடங்கு. அதுவும் கல் உப்பு. தலை சாத்துக்குடியைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க, கை அதன் பாட்டுக்கு உப்புப் பானைக்குள் போய்விட்டு வந்துவிட்டது.

நான் அடுப்படியில் துடைத்துக்கொண்டிருந்தேன். மனைவி அறைக்குள் உட்கார்ந்து அம்மாவுக்குப் புகட்டினாள். ஸ்ட்ராவால் உறிஞ்சினால் வலிக்கிறது என்பதால், எங்கள் பையன் கைக்குழந்தையாக இருந்தபோது பால் புகட்டிய சங்கைத் தேடி எடுத்திருந்தாள். கம்பி குத்திக் குத்தி ஈறெல்லாம் புண்ணாகியிருந்த வாயில், உப்புப் போட்ட சாத்துக்குடி போனது. அறைக்குள்ளிருந்து, வாயை மூடிக்கொண்டு ஒரு ஆள் எவ்வளவு சத்தமாகக் கத்த முடியுமோ, அவ்வளவு சத்தம் வந்தது.

"சேசுவே! இன்னாத்தங்க போட்டீங்க இதுல?" என்று ஓடிவந்தாள் மனைவி.

"பழக்கதோஷம்" என்றேன்.

அன்று ராத்திரி அத்தையின் கட்டில் பக்கத்து ஸ்டூலில் ஒரு எவர்சில்வர் டம்ளரையும் ஸ்பூனையும் வைத்து, மனைவி ஒரு பாஷை ஏற்பாடு செய்தாள். ஒரு தட்டு தட்டினால் ஆமாம். இரண்டு தட்டு தட்டினால் வேண்டாம்.

திங்கட்கிழமை கடையைச் சாத்திவிட்டுக் களத்தில் இறங்கினேன். கேரட். எங்கள் மிக்சி ஜார் மூடியின் ரப்பர் தளர்ந்துபோனது. மனைவி எப்போதும் அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுவாள். நான் அதை அன்பின் அடையாளம் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. பட்டனைத் திருப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மூடி ஒரு பக்கம் போனது, கேரட் சீலிங்குக்குப் போனது. இன்றும் எங்கள் சமையலறை சீலிங்கில், ஃபேனைச் சுற்றி, ஒரு காவி நிற மேகம் இருக்கிறது.

மிச்சக் கேரட்டைத் துருவியில் துருவினேன். இதை வடிகட்டத் துணி வேண்டும். நைந்ததோ நரைத்ததோ வேண்டாம், வெள்ளையாக, மெல்லிசாக, சுத்தமாக வேண்டும் என்று வீடு முழுக்கத் தேடியதில், மாதா திருவிழாவுக்கென்று எடுத்து வைத்திருந்த என் மல் வேட்டிதான் அகப்பட்டது. ஒரு முனையைத்தானே நனைக்கப் போகிறோம் என்று ஆரம்பித்தேன். துருவலில் கொஞ்சம் ஆறவைத்த தண்ணீர் தெளித்து, வேட்டி முனையில் மூட்டை கட்டி முறுக்கினேன். மணிக்கட்டு கழன்றுவிடும்போல இருந்தது. ஆனால் பிழியப் பிழிய, விரல் இடுக்கில், பொன்னிறமாக ஒன்று சொட்டியது பாருங்கள், எனக்கே கண் கலங்கிவிட்டது. ஒரு திப்பி இல்லை. மிக்சியும் வேண்டாம், மெஷினும் வேண்டாம், எனக்குக் கை இருக்கிறது.

டம்ளரில் ஊற்றி, சங்கோடு கொண்டுபோய், அத்தையின் எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு முழ தூரத்தில் போட்டு உட்கார்ந்தேன். எடை இறங்கக் கூடாதே! ஒவ்வொரு மடக்கும் உள்ளே போவதைக் கண்ணால் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

"குடிங்க அத்தை. உப்பு போடல. சத்தியமா போடல."

அத்தை டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சங்கைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். ஸ்பூனை எடுத்துத் தட்டினார். டங் டங் டங் டங் டங்.

ஒரு தட்டுக்கும் இரண்டு தட்டுக்கும்தான் எனக்கு அர்த்தம் சொல்லியிருந்தார்கள். இது ஐந்தோ ஆறோ. நன்றாக இல்லை என்பதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். டங் டங் டங் டங். தேன் விட்டேன். டங் டங் டங். கடைசியில் நானே குடித்தேன். கேரட் வீணாகக் கூடாதல்லவா.

மறுநாள் மாதுளை. முத்துகளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, பூரிக்கட்டையால் உருட்டி நசுக்கி, வேட்டியின் இன்னொரு முனையில் வடித்தேன். நிறத்துக்கே ஒரு டம்ளர் குடிக்கலாம். டங் டங் டங் டங். மத்தியானம் கறுப்புத் திராட்சை, கையால் பிசைந்து, வேட்டியின் நடுவில். டங் டங். இந்தத் தடவை குடிக்க வைக்காமல் விடுவதில்லை என்று, கிரிக்கெட் வர்ணனை மாதிரி பேசிப் பார்த்தேன். "இதோ சங்கு அத்தையின் கையில். அரங்கமே எழுந்து நிற்கிறது." அத்தை சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்போதுதான் அவர் கையைக் கவனித்தேன். மணிக்கட்டில் நிற்கிற வளையல் நழுவி முழங்கைப் பக்கம் போயிருந்தது. மனைவிக்குப் போன் போட்டேன்.

"உங்கம்மா பகல்ல ஒரு சொட்டு குடிக்கல. அந்த உப்புக்குப் பழி வாங்குறாங்க. சனிக்கிழம டியூப்தான். நான் அங்க மயக்கம் போட்டு விழப் போறேன், எனக்கும் ஒரு டியூப் போடுவாங்க. ரெண்டு பேரையும் நீதான் பாத்துக்கணும்."

"ஏங்க, பத்து பேருக்கு சூப்பு கொதிச்சிகினு இருக்குது. எங்கம்மா அப்படியெல்லாம் பழி வாங்காது. நல்லாப் பண்ணிக் குடுங்க, குடிக்கும்" என்று வைத்துவிட்டாள். நல்லாப் பண்ணிக் குடுங்க! பருத்தி வேட்டி பாழாய்ப் போனவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது?

புதன்கிழமை காலையில் பாய் வண்டிக்குப் போனேன்.

"அண்ணே, மாதுளை நல்லாருந்துச்சா? குடிச்சாங்களா?"

"நான் குடிச்சேன்."

"திராட்சை?"

"அதுவும் நான்தான்."

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாஷா அல்லா. அதான் மூஞ்சி பளபளன்னு இருக்குது. இன்னிக்கு உங்களுக்கு இன்னா வேணும்?"

ரோடு ஓரமெல்லாம் தர்பூசணி குவிந்து கிடக்கிற மாசம். ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வெட்டி வைத்து மிக்சியைப் போட்டால் கரண்ட் இல்லை. அத்தைக்கு விசிறிக்கொண்டே கரண்டுக்குக் காத்திருக்கலாம். ஆனால் வளையல் முழங்கையில் இருக்கும்போது காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. பருப்பு மத்து கண்ணில் பட்டது. துண்டுகளைக் குண்டானில் போட்டு, கீரை கடைகிற மாதிரி கடைந்தேன். என்ன அதிசயம்! ஜில்லென்று ஒரே நீராக இளகிக் கொடுத்தது. கொட்டை ஒன்றுகூட உடையவில்லை. நுரை இல்லை, சத்தம் இல்லை, சீலிங் பாழாகவில்லை. நடுவில் கை உப்புப் பானையை நோக்கி நகர்ந்தது. இன்னொரு கையால் அதன் மேல் ஒன்று வைத்தேன். வேட்டியில் மிச்சமிருந்த கொஞ்சம் வெள்ளையும் அன்றோடு போனது.

டம்ளரையும் சங்கையும் ஸ்டூலில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்தேன். வாசலில் குரல்.

"அண்ணே! போனை வண்டியிலேயே வெச்சிட்டு வந்துட்டீங்க!"

வெளியே போனேன். பாய் தன் மச்சான் வாங்கிய படகைப் பற்றி ஆரம்பித்தார். படகு கதை எப்போதும் சின்னதாக இருக்காது. திரும்பி உள்ளே வந்தால் டம்ளர் காலி.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷமில்லை, சந்தேகம். ஊற்றிவிட்டார்! கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். தரை காய்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். அங்கே ஒரு தொட்டியில் குரோட்டன்ஸ். அதன் மண்ணைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம் மாதிரி இருந்தது. இலையை முகர்ந்தேன். தெளிவாகவில்லை. நக்கிப் பார்த்தேன். குரோட்டன்ஸ் இலை எப்படி இருக்கும் என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் என்னிடம் கேட்கலாம். நிமிர்ந்தால், ஜன்னலுக்கு உள்ளேயிருந்து அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். நம்பர் பிளேட்.

இன்னொரு டம்ளர் கடைந்து வடித்து வைத்தேன். "தோ வரேன் அத்தை" என்று வெளியே போய், கதவுக் கீல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாதுதான்.

அத்தை வாசலை ஒரு முறை பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். சங்கில் கொஞ்சமாக ஊற்றி, தலையைச் சாய்த்து, கன்னத்து ஓரமாக விட்டார். பாதி உள்ளே போனது, பாதி தாடையில் வழிந்தது. வழிந்ததை முந்தானையால் அவசரமாகத் துடைத்துவிட்டு, மறுபடி வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அடுத்த சங்கு. அவ்வளவு தாகத்தோடு ஒருவர் குடித்து நான் பார்த்ததில்லை.

கதவை விட்டுத் தள்ளி வந்து படியில் உட்கார்ந்தேன். யோசித்துப் பார்க்கிறேன், யோசித்துப் பார்க்கிறேன், அத்தை சாப்பிட்டு நான் பார்த்த ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை. எங்கள் கல்யாணப் பந்தியில் இல்லை. பையனின் ஞானஸ்நான விருந்தில் இல்லை. கிறிஸ்மஸில் எனக்குக் கறி பரிமாறியது ஞாபகம் இருக்கிறது, அவர் தட்டு ஞாபகம் இல்லை. இந்த வீட்டில் தினமும் நான் கடைக்குப் போன பிறகுதான் சாப்பிட்டிருக்கிறார். மாப்பிள்ளை எதிரில் வாயை அசைக்கக் கூடாது என்று வளர்ந்தவர். அவருக்கு ஒரு முழ தூரத்தில் நாற்காலி போட்டு, குழந்தைச் சங்கில் குடிக்கச் சொல்லி, வழிகிறதா என்று குனிந்து வேறு பார்த்திருக்கிறேன் மூன்று நாளாக. கிரிக்கெட் வர்ணனையோடு.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னபோது, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

"உங்களுக்கு நெஜமாவே தெரியாதா? எங்கப்பா எதிர்லயே அது சாப்ட்டதில்ல. உங்க எதிர்ல எப்படிக் குடிக்கும்? அதுவும் ஒழுகிகினு!"

"மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

"இத்தினி வருசமா ஒரே வீட்ல இருக்கற மனுசனுக்கு இது தெரியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப அந்த டங் டங் டங் டங்?"

"எழுந்து வெளிய போங்கன்னு அர்த்தம்."

வியாழக்கிழமையிலிருந்து புது முறை. மத்தால் கடைவேன், வடிப்பேன், ஸ்டூலில் வைப்பேன். பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி, "அத்தை, நான் கடைக்குப் போறேன், வர லேட் ஆகும்" என்று சொல்லிவிட்டு, செருப்பைச் சரக் சரக்கென்று தேய்த்து நடந்து, கேட்டை டமாலென்று சாத்துவேன். சாத்திய பிறகு பூனை மாதிரி திரும்பி வந்து ஜன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பேன். போகத்தான் ஆசை. புரை ஏறினால் கம்பியை யார் வெட்டுவது? கட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, உச்சி வெயிலில், உள்ளே ஒவ்வொரு மடக்கும் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். திங்கட்கிழமை சாத்திய கடையை இந்தக் காவலில் திறக்கவேயில்லை. ஒரு நாளைக்கு நாலைந்து டம்ளர். சத்தம் நின்று, டம்ளர் ஸ்டூலில் வைக்கிற ஓசை கேட்ட பிறகு, மறுபடி கேட்டைத் திறந்து, சரக் சரக்கென்று "வந்துட்டேன் அத்தை" என்று நுழைவேன். எனக்கு நடிப்பு வரும் என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை என்னிடம் உடுத்தத் துணி இல்லை. கொடிக்கம்பியை வெட்டியவன் நான்தானே. புதுக்கம்பி கட்டவில்லை, துவைத்ததெல்லாம் பக்கெட்டிலேயே ஈரமாகக் கிடந்தது. காய்ந்து கிடந்தது ஜூஸ் வேட்டி ஒன்றுதான். கேரட், மாதுளை, திராட்சை, தர்பூசணி என்று நாலு நிறத்தில், அரசியல் கட்சி எதுவும் இன்னும் யோசிக்காத ஒரு கொடி மாதிரி இருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று அதைக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். உள்ளே அத்தை குடிக்க ஆரம்பித்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மனைவி.

நான் வெளியே நிற்பது அத்தைக்குத் தெரியக் கூடாது. ஆனால் போன் அடித்தது கேட்டிருக்கும். என்ன செய்ய?

"ஹலோ! நான் கடையில இருக்கேன்!" என்று கத்தினேன். "ஒரே கூட்டம்!" குரலை மாற்றி, "அண்ணே, ரெண்டு காப்பி எடுங்க" என்று நானே சொல்லிக்கொண்டேன். "இரும்மா, தோ எடுக்கறேன்" என்று நானே பதிலும் சொன்னேன்.

"இன்னாங்க ஆச்சு உங்களுக்கு?" என்றாள் மனைவி.

அந்த நேரத்தில் பின்னாலிருந்து யாரோ வேட்டியை இழுத்தார்கள். திரும்பினால் எதிர்வீட்டு ஆடு. தர்பூசணி ஊறிய முனையை வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தது. நான் இழுத்தேன். அதுவும் இழுத்தது. பிடுங்கப் போனதும் மே என்று கத்தியது.

"ஆடு கத்தற சத்தம் கேக்குது. கடையில ஏதுங்க ஆடு?"

"ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்திருக்குது!" என்று கத்தினேன்.

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. க்ர்ர்ர். பிறகு ஹிக். பிறகு தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்த மாதிரி ஒரு திணறல்.

புரை! டாக்டரம்மா சொன்ன அதே புரை! போனை எங்கே போட்டேன் என்று தெரியாது. ஓடினேன். வேட்டி ஆட்டோடு நின்றுவிட்டது. பட்டாபட்டி டிராயரோடு, கட்டரை முன்னால் நீட்டிக்கொண்டு, கதவை இடித்துத் திறந்து அறைக்குள் பாய்ந்தேன். அத்தை கட்டிலில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். முகம் சிவந்து, கண்ணில் நீர் கொட்ட, மூக்கிலிருந்து தர்பூசணி வழிந்துகொண்டிருந்தது.

"வாயைத் தொறங்க அத்தை! வாயைத் தொறங்க!"

கம்பி கட்டிய வாயைப் பார்த்து இப்படிச் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். கட்டரை அவர் முகத்தருகே கொண்டு போனேன். ஸ்பூன் பறந்து வந்து என் மணிக்கட்டில் விழுந்தது. கட்டர் நூல் அறுந்து கீழே விழுந்தது.

அத்தை மூச்சை இழுத்தார். பல்லிடுக்கு வழியாக, காற்றும் சொல்லுமாக ஒன்று வந்தது.

"ஆ...டு... ஆதா...ரு..."

மறுபடியும் க்ர்ர்ர். தோள் குலுங்கியது. ஜன்னலைக் காட்டினார். என் டிராயரைக் காட்டினார். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு மறுபடி குலுங்கினார். புரை இல்லை, ஒன்றும் இல்லை. சிரிக்கிறார். என் ஜோக்குக்கு.

நான் கட்டரைப் பொறுக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடு அறையில் நின்றேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, டம்ளரில் மிச்சமிருந்ததைச் சங்கில் ஊற்றினார். ஸ்பூனைத் தொடவில்லை. நான் நாற்காலியை எடுத்து வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பின்னால் சர்ர் என்று ஒரு மடக்கு இறங்கியது. இன்னொன்று. வாசலில் ஆடு என் வேட்டியை நிதானமாக முடித்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை கிளம்புகிற நேரத்தில் வீட்டுப் பூட்டைக் காணோம். மாமனார் காலத்துப் பித்தளைப் பூட்டு, ஆளை அடித்தால் ஆள் எழுந்திருக்க மாட்டான். தினமும் ஆணியில் தொங்குவது, சாவியோடு மாயமாகிவிட்டது. மனைவி ஏற்கெனவே வேலைக்குப் போயிருந்தாள். நான் அலமாரியை எல்லாம் கவிழ்த்துத் தேட, அத்தை வாசலில் நின்று பஸ் வரும் திசையைக் காட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் வெட்டிப்போட்ட கொடிக்கம்பியால் கதவுக் கொண்டியைச் சுற்றிக் கட்டிவிட்டு, பாயிடம் ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் அத்தை எடை மெஷினில் ஏறும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அருள் நிறைந்த மரியே ஜெபத்தில் பாதிதான் ஞாபகம் வந்தது.

"பரவாயில்லையே" என்றது டாக்டரம்மாவின் குரல். "அரை கிலோ ஏறியிருக்குது. டியூபெல்லாம் வேணாம். இப்படியே மெயின்டெய்ன் பண்ணுங்க. எந்த ஜூஸர் வெச்சிருக்கீங்க?"

"பருப்பு மத்து" என்றேன். கம்பெனி பெயர் என்று நினைத்தாரோ என்னவோ, தலையாட்டிக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் நானும் மெஷினில் ஏறிப் பார்த்தேன். எனக்கு ஏறியிருந்ததைப் பற்றி இங்கே பேச வேண்டாம். அத்தைக்கு வைத்த கேரட், மாதுளை, திராட்சை எல்லாம் எங்கேயும் போய்விடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அத்தை ஜன்னல் ஓரம், நான் அவருக்குப் பின் சீட்டில். பெரிய முதலியார்சாவடி தாண்டும்போது அவர் குனிந்து இடுப்பில் எதையோ அவிழ்ப்பது தெரிந்தது. திரும்பிப் பார்க்காமலேயே, தோளுக்கு மேலாகக் கையை மட்டும் பின்னால் நீட்டினார். உள்ளங்கையில் வீட்டுப் பூட்டு. சாவியும் இருந்தது.

வாங்கிக்கொண்டேன். பித்தளை உடம்புச் சூட்டில் கதகதவென்று இருந்தது. கையில் தூக்கிப் பார்த்தேன். அரை கிலோ இருக்கும். அப்படியானால் அத்தையின் எடை கூடவுமில்லை, குறையவுமில்லை. இறங்கக் கூடாது என்றுதான் டாக்டரம்மா சொன்னார், இறங்கவில்லை. ஆனால் அந்தப் பயம், காலையில் எனக்கு முன்னாலேயே எழுந்து ஆணியிலிருந்து பூட்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்ட அந்தப் பயம், என்னுடையதைவிடச் சின்னதில்லை. அவர் என்னைப்போல ஊரைக் கூட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முன் சீட்டுக் கம்பிக்கு மேல் குனிந்தேன்.

"அத்தை. அடுத்த சனிக்கிழமைக்குள்ள இந்தப் பூட்டு எடையை நெசமாவே ஏத்தியாகணும். இல்லன்னா டாக்டரம்மா நம்ம ரெண்டு பேரையும் புடிச்சிடுவாங்க."

அவர் திரும்பவில்லை. தோள் மட்டும் லேசாகக் குலுங்கிய மாதிரி இருந்தது. பஸ் ஆட்டமாகவும் இருக்கலாம்.

கூனிமேடு நெருங்கியது. ரோட்டு ஓரத்தில் தர்பூசணிக் குவியல்கள் வர ஆரம்பித்தன.

"எறங்கி ஒண்ணு வாங்கிக்கலாமா? பெரிசா?"

அத்தை கையைப் பின்னால் நீட்டினார். பூட்டை அதில் வைத்தேன். சீட்டுக் கம்பியில் ஒரே ஒரு முறை தட்டினார்.

டங்.